ரியாலின் அசல் விலை

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ பாளையங்கோட்டையிலோ 'மணி எக்ஸ்சேஞ்ச்' பலகை மாட்டிய கடைக்குள் நுழைபவர் முதலில் கேட்பது, "இன்னைக்கு ரியால் என்ன ரேட்டு?" என்றுதான். ரேட்டைச் சொல்லும் கையோடு கடைக்காரர் ஓர் உறுதியும் தருவார்: "கமிஷன் எதுவும் கிடையாது அண்ணாச்சி." அவர் பொய் சொல்லவில்லை. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் கமிஷன் என்று ஒரு வரி இருக்காது. கடை வாடகை, ஊழியர் சம்பளம், காப்பீடு, லாபம் எல்லாம் ரேட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டினால் அதற்கு மேலும் சில கட்டணங்கள் சேரும். அவை கடையின் ரசீதில் வராது. ஒரு மாதம் கழித்து வங்கியின் பட்டியலில் வரும்.

திருநெல்வேலிச் சீமையில் அந்நிய நாணயம் வாங்குவோரில் உல்லாசப் பயணிகளை மட்டும் எண்ணிவிட முடியாது. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் கிளம்பும் குடும்பங்கள், ஜெருசலேம் பார்க்கப் போகும் சபையார், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள பிள்ளைகளைக் காணப் போகும் பெற்றோர், துபாயில் வேலைக்குச் சேருமுன் கைச்செலவுக்குக் கொஞ்சம் திர்ஹாம் தேடும் இளைஞர் ஆகியோரும் உண்டு. இவர்களில் பலருக்கு இது வாழ்நாளில் ஓரிரு முறை நடக்கும் கொள்முதல். தக்காளி கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடினால் உடனே கண்டுபிடிப்பவருக்கும் ரியாலுக்கு 90 பைசா கூடினால் தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இன்னொரு விலை இல்லை.

இந்த 90 பைசாவைக் கணக்கிடும் முறை ஒன்றும் மர்மமல்ல. நாணய மாற்றின் மீது ஜிஎஸ்டி வசூலிக்க அரசே அதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. வரிக்காக அளக்கப்படும் அந்தத் தொகை வாடிக்கையாளரின் கண்ணுக்கு மட்டும் காட்டப்படுவதில்லை. அதை ரசீதில் அச்சிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செங்கோட்டையின் அரைச் சக்கரம்

நாணயம் மாற்றுவதில் இழப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு எனப் பலவகை நாணயங்கள் புழங்கின. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கம்பெனிக் கணக்கு. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றித் தந்தவர் சராப். அவர் பிடித்துக்கொண்டது வட்டம். 1818இல் வெள்ளி ரூபாய் மாகாணத்தின் அடிப்படை நாணயமானது; 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று நிர்ணயிக்கப்பட்டது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது.

ஆனாலும் சிற்றாற்றுப் பகுதியில் இரண்டு நாணயங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலியில் இருந்தது. கூப்பிடு தூரத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. இங்கே ரூபாய், அணா, பை; அங்கே பணம், சக்கரம், காசு. திருவிதாங்கூரின் கணக்கு ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயைக் கொடுத்துவிட்டு 28 சக்கரத்தை மட்டும் எண்ணி வாங்கி வந்தவர் அரைச் சக்கரத்தை விட்டுவிட்டு வந்தார் என்று பொருள். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால். இன்றைய நாணய மாற்றுக் கடைகளின் ரேட்டைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான அளவு. ஒரு வேறுபாடு: ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற சரியான கணக்கு அன்று ஊரறிந்தது. இன்றைய ரியாலின் சரியான கணக்கு அப்படி இல்லை.

திருவிதாங்கூர் நாணயம் வழக்கொழிந்த பிறகு, 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. வளைகுடாவிலும் ஒரு காலம்வரை நாணய மாற்றுக்குத் தேவை குறைவாகவே இருந்தது. அங்கே பல நாடுகளில் இந்திய ரூபாயே செல்லுபடியானது. தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. அவை 'வளைகுடா ரூபாய்' எனப்பட்டன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆனது. வளைகுடாவில் எஞ்சியிருந்த ரூபாய்ப் புழக்கமும் அதன்பின் முடிவுக்கு வந்து, அந்தந்த நாட்டு நாணயங்கள் இடம்பிடித்தன. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் பெருகி இங்கிருந்து ஆட்கள் கூட்டமாகப் போகத் தொடங்கியபோது, நாணய மாற்று அன்றாடத் தொழிலாகியிருந்தது.

ரேட்டைப் பிரித்துப் பார்த்தால்

ரிசர்வ் வங்கி நாணய மாற்றுக் கடையின் விற்பனை விலையை நிர்ணயிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற வங்கியும் கடையும் சந்தையை ஒட்டித் தாமே விலை வைக்கலாம். அன்றைய வாங்கும் விலை, விற்கும் விலைப் பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்த விலை சந்தை விலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதில் இருக்காது.

சந்தை விலைக்கு ஓர் அளவுகோல் உண்டு. டாலர், பவுண்ட், யூரோ, யென் ஆகிய நாணயங்களுக்கு வேலை நாள்தோறும் ஆதார விலை வெளியாகிறது. முன்பு ரிசர்வ் வங்கி நேரடியாக வெளியிட்டது. 2018 ஜூலை முதல் அப்பணி எஃப்பிஐஎல் என்ற அமைப்பிடம் இருக்கிறது. நம் ஊரில் மிகுதியும் தேவைப்படும் ரியாலும் சிங்கப்பூர் டாலரும் ரிங்கிட்டும் அந்த நான்கில் இல்லை.

ரியாலுக்கும் திர்ஹாமுக்கும் ஒரு வசதி உண்டு. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்ற அளவில் கட்டப்பட்டிருக்கிறது. அமீரக திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725. கத்தார் ரியால் 3.64. டாலர் ஏறினாலும் இறங்கினாலும் இவை அதோடேயே போகும். ஆகவே டாலரின் ஆதார விலையை 3.75 ஆல் வகுத்தால் அன்றைய ரியாலின் அசல் விலை வந்துவிடும். கணக்கு எளிதாக இருக்க, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரியால் சரியாக 24 ரூபாய். கடையில் 24.90 என்றால் அந்த 90 பைசாதான் கட்டணம், நூற்றுக்கு 3.75. உம்ரா போகும் ஒரு தம்பதி 4,000 ரியால் வாங்கினால் 96,000 ரூபாய்ப் பொருளுக்கு 99,600 ரூபாய் கொடுக்கிறார்கள். ரசீதில் அந்த 3,600 ரூபாய் எங்குமே இல்லை.

கடைக்காரருக்கும் நியாயம் உண்டு. அந்நிய நோட்டுகளைக் கையில் வைத்திருப்பது முதலீடு முடங்கும் தொழில். நோட்டைக் கொண்டுவரச் செலவுண்டு. கள்ள நோட்டு அபாயம் உண்டு. இரவில் விலை விழுந்தால் நட்டம் அவருக்கு. வங்கிக் கணக்கு வழியே அனுப்பும் டாலரைவிட, கையில் எண்ணித் தரும் டாலருக்கு விலை கூடுவது இதனால்தான். ஆனால் ரியால், திர்ஹாம் விஷயத்தில் இச்செலவு ஓரளவு குறைவதற்கும் வாய்ப்புண்டு. விடுமுறையில் வருபவர் ஊர்க் கடையில் விற்கும் ரியாலையே யாத்திரை போகிறவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது ஒரே நோட்டில் வாங்கும்போது ஒரு விளிம்பு (அசல் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம்), விற்கும்போது ஒரு விளிம்பு.

அரிதான நாணயங்களில் இழப்பு இரட்டிப்பாகும். இஸ்ரேலின் ஷெக்கலோ இலங்கை ரூபாயோ உள்ளூரில் எளிதில் கிடைக்காது. டாலராக வாங்கிக்கொண்டு அங்கே போய் மாற்ற வேண்டியிருக்கும். இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை என இரண்டு விளிம்புகள்.

மிச்சத்தைத் திருப்பி விற்கும்போதும் இதே கதைதான். 24.90க்கு விற்ற கடை 23.20க்கு வாங்குகிறது என்று வைப்போம். 500 ரியால் மிஞ்சி வந்தால் 850 ரூபாய் போய்விடும். விதிப்படி, பயணத்துக்கு வாங்கிய நாணயத்தில் மிஞ்சியதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆனால் 2,000 டாலர் மதிப்புவரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம், நாணயங்களுக்கு வரம்பே இல்லை. மறுபடியும் போகும் எண்ணம் உள்ளவர், அல்லது வீட்டில் இன்னொருவர் போகவிருக்கிறவர், அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.

விதி 32 அறிந்த கணக்கு

ரசீதில் பளிச்சென்று தெரியும் ஒரே கூடுதல் வரி ஜிஎஸ்டி. பலர் இதைத்தான் 'கட்டணம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது கட்டணத்தின் மீதான வரி.

மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 32ஆம் விதி நாணய மாற்றுச் சேவையின் மதிப்பைக் கணக்கிட இரண்டு வழி சொல்கிறது. முதல் வழியில், கடையின் விலைக்கும் ஆதார விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நாணய எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். வருவதுதான் சேவையின் மதிப்பு. அதற்கு 18 சதவீதம் வரி. ஆதார விலை இல்லாத நாணயத்துக்கு மொத்த ரூபாயில் ஒரு சதவீதத்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும். இரண்டாம் வழி, படிநிலைக் கணக்கு. ஒரு லட்சம் ரூபாய்வரை ஒரு சதவீதம், குறைந்தது 250 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம்வரை, ஆயிரம் ரூபாயும் ஒரு லட்சத்தைத் தாண்டிய தொகையில் அரை சதவீதமும். பத்து லட்சத்துக்கு மேல், 5,500 ரூபாயும் மீதியில் 0.1 சதவீதமும், அதிகபட்சம் 60,000 ரூபாய். இரண்டாம் வழியைத் தேர்ந்த கடை அந்த நிதியாண்டு முடியும்வரை அதை மாற்ற முடியாது.

ஒரு ரசீதை எடுத்துக்கொள்வோம். ஆதார விலை 90; கடை விலை 92.25, வாங்குவது 1,000 டாலர். கடைக்குக் கிடைக்கும் விளிம்பு 2,250 ரூபாய். முதல் வழியில் வரி 405 ரூபாய். இரண்டாம் வழியில் மொத்தத் தொகை 92,250இல் ஒரு சதவீதம், அதாவது 922.50 ரூபாய்தான் சேவையின் மதிப்பு. வரி 166 ரூபாய். கடை இயல்பாக எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் வழி கணக்கெழுத எளிது, வரியும் குறைவு. வாடிக்கையாளருக்கு இதில் ஒரு நட்டம் உண்டு. முதல் வழியில் ரசீது போட்டிருந்தால், 405ஐ 0.18ஆல் வகுத்துக் கடையின் விளிம்பு 2,250 என்று அவரே கண்டுபிடித்திருப்பார். 166ஐ வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடை ஒரு சதவீதம் எடுத்தாலும் ஐந்து சதவீதம் எடுத்தாலும் வரி ஏறத்தாழ ஒன்றேதான். அதிகமாக எடுக்கும் கடையிடம் அரசும் குறைவாகவே வாங்குகிறது.

ஆதார விலை இல்லை என்ற சாக்கும் ரியாலுக்கு முழுதாகப் பொருந்தாது. இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்குகளை மதிப்பிட, சுங்கத் துறை மாதம் இரு முறை பல நாணயங்களின் மாற்று விலையை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் சவூதி ரியாலும் அமீரக திர்ஹாமும் சிங்கப்பூர் டாலரும் இருக்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு ரியாலின் விலை அரசுக்குத் தெரியும்.

அட்டையைத் தேய்த்து வாங்கினால்

அந்நிய நாணயத்துக்கான விலை 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கமாகக் கட்ட முடியாது. ஒரே பயணத்துக்குப் பல தவணையாக வாங்கினாலும் மொத்தம்தான் கணக்கு. காசோலை, டிராஃப்ட், வங்கிப் பரிமாற்றம் அல்லது அட்டை வழியாகத்தான் கட்ட வேண்டும். இங்கேதான் இரண்டாம் அடுக்குக் கட்டணம் நுழைகிறது.

டெபிட் அட்டைக்கு வணிகர் வங்கிக்குத் தரும் கட்டணத்துக்கு 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு உண்டு: பெரிய வணிகருக்கு 0.90 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம்வரை உள்ள சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், 200 ரூபாய்க்கு மிகாமல். இந்தக் கட்டணத்தை வணிகர் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணமே இல்லை. ஆகவே டெபிட் அட்டைக்கு 'மெஷின் சார்ஜ்' கேட்கும் கடையிடம் காரணம் கேட்கலாம்.

கிரெடிட் அட்டையின் கதை வேறு. அதற்கு அப்படி உச்சவரம்பு இல்லை. பல கடைகள் அதை ஏற்பதே இல்லை. ஏற்கும் கடை இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்கலாம். அதற்கும் மேலான சிக்கல் அட்டை கொடுத்த வங்கியிடம் இருக்கிறது. அட்டை வலைப்பின்னலில் ஒவ்வொரு வணிகருக்கும் ஒரு வகை எண் உண்டு. நாணய மாற்றுக் கடைகளுக்கு 6051 என்ற எண் வழங்கப்படுகிறது. அந்த எண்ணைக் கண்டதும் சில வங்கிகள் இதைப் பொருள் வாங்கியதாகக் கொள்ளாமல், ஏடிஎம்மில் கடனாகப் பணம் எடுத்ததற்குச் சமமாகக் கொள்கின்றன. அப்படியானால் ரொக்க முன்பணக் கட்டணம் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வட்டி அன்றே ஓடத் தொடங்கும். வெகுமதிப் புள்ளியும் வராது.

மேலே கண்ட 1,000 டாலர் ரசீதை இந்த வழியில் கட்டிப் பார்ப்போம். நாணயத்துக்கும் வரிக்கும் 92,416 ரூபாய். கடை இரண்டு சதவீதம் கேட்டால் 1,848 சேர்ந்து 94,264. வங்கி 2.5 சதவீத முன்பணக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் 2,781. மாதம் 3.5 சதவீத வட்டியில் இருபது நாள் கழித்துக் கடனை அடைத்தால் வட்டியும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,596. மொத்தம் 99,641 ரூபாய். ஆதார விலைப்படி 90,000 ரூபாய் பெறும் டாலருக்குச் சுமார் 10.7 சதவீதம் கூடுதல். இதில் கடையின் ரசீதில் தெரிவது 166 ரூபாய் ஜிஎஸ்டியும், தனியே எழுதியிருந்தால் கடையின் இரண்டு சதவீதமும்தான். எல்லா வங்கியும் இப்படிச் செய்வதில்லை. தன் வங்கி செய்யுமா என்பதை அட்டையோடு வந்த 'மிக முக்கிய விதிமுறைகள்' தாளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது வாடிக்கையாளரின் வேலையாகிவிடுகிறது.

சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழி நெஃப்ட் அனுப்ப 2020 முதல் கட்டணம் கிடையாது. நாணயம் வாங்க அதுவே மலிவான வழி.

அட்டையோடு விமானம் ஏறினால்

நோட்டாக எடுத்துப்போக ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புவரைதான் நோட்டாக வாங்கலாம். மீதியை அட்டையிலோ வேறு வடிவிலோ கொண்டுபோக வேண்டும். அட்டையில் கட்டணங்கள் வேறு உருவில் வரும்.

இந்திய வங்கிகளின் வழக்கமான கிரெடிட், டெபிட் அட்டைகள் பலவற்றில் அந்நிய நாணயச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல்; அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்த்து 4.13 சதவீதம். குறைந்த விகிதமுள்ள, விகிதமே இல்லாத அட்டைகளும் சந்தையில் உண்டு. பயணத்துக்கென முன்பணம் ஏற்றிய 'ஃபாரெக்ஸ் அட்டை'யில் இது இல்லை என்பார்கள். உண்மைதான், எந்த நாணயம் ஏற்றப்பட்டதோ அதே நாணயத்தில் செலவழிக்கும்வரை. டாலர் ஏற்றிய அட்டையை மக்காவில் ரியாலுக்குத் தேய்த்தால் குறுக்கு நாணயக் கட்டணம் விழும். ரியாலும் டாலரும் 3.75 என்று அசையாமல் கட்டப்பட்டிருப்பதால் வங்கிக்கு இதில் விலை அபாயம் ஏதுமில்லை. கட்டணம் மட்டும் உண்டு.

துபாய்க் கடை ஒன்றில் அட்டையைத் தேய்க்கும்போது கருவியின் திரையில் இரண்டு தொகை தோன்றும். மேலே 500 திர்ஹாம். கீழே 12,990 இந்திய ரூபாய். எதில் கட்டுகிறீர்கள் என்று கருவி கேட்கும். சில சமயம் விற்பனையாளரே நமக்கு உதவுவதாக நினைத்து ரூபாயை அழுத்திவிடுவார். டாலர் 90 என்றால் 500 திர்ஹாமின் அசல் விலை 12,253 ரூபாய். கருவி ஆறு சதவீதம் ஏற்றிவிட்டது. ரூபாயில் கட்டினாலும் வணிகர் வெளிநாட்டில் இருப்பதால் நம் வங்கி ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் போடலாம். மொத்தம் 13,143 ஆகும். திர்ஹாமையே தேர்ந்திருந்தால் 4.13 சதவீதக் கட்டணத்தோடும் 12,759தான். ஏற்றும் விகிதம் கருவிக்குக் கருவி மாறும். எங்கேயும் அந்த நாட்டு நாணயத்தைத் தேர்வதே சரி. வெளிநாட்டில் பதிவான தங்குமிட முன்பதிவுத் தளங்களில் வீட்டிலிருந்தபடி ரூபாயில் கட்டினாலும் இதே கட்டணம் வரக்கூடும்.

யுபிஐயும் எல்லை தாண்டிவிட்டது. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் மொரீஷியஸிலும் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்கேன் செய்வது எளிது. ஆனால் அங்கும் நாணயம் மாறத்தான் வேண்டும். மாறும் இடத்தில் விளிம்பு உண்டு. ரகசிய எண்ணை அழுத்துமுன் திரையில் காட்டும் ரூபாய்த் தொகையைப் பார்க்க வேண்டும்.

பலரும் கட்டணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது, முன்கூட்டியே பிடிக்கப்படும் வருமான வரியான டிசிஎஸ். பயணத்துக்கு அந்நிய நாணயம் வாங்கும்போது, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் பிடிக்கப்படும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு ஏழு லட்சம். இது கட்டணமல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

2023 ஹஜ் பயணத்தின் பாடம்

இந்திய ஹஜ் குழுவின் வழியே போகும் யாத்ரீகர்களுக்கு நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. கட்டிய தொகைக்குள்ளேயே அடக்கி, விமானம் ஏறும் ஊரில் தலைக்கு 2,100 ரியால் கையில் கொடுக்கப்படும். 2023 ஹஜ்ஜில் இது நிறுத்தப்பட்டது. தேவையான ரியாலை யாத்ரீகரே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றானது. அதே ஆண்டு சிறுபான்மையினர் நல அமைச்சகம் பாரத ஸ்டேட் வங்கியோடு ஏற்பாடு செய்து, போட்டி விலையில் ரியால் கிடைக்க வழி செய்தது.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாங்கும்போது ரேட் பேச்சுவார்த்தைக்குரிய பொருளாகிறது என்பதை இந்த ஏற்பாடு காட்டியது. தனியார் உம்ராக் குழுக்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் அளவு சிறிதாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நாற்பது பேர் கொண்ட குழு தலைக்கு 2,000 ரியால் வாங்கினால் மொத்தம் 80,000 ரியால். ரியாலுக்கு 50 பைசா குறைத்துப் பேசினால் 40,000 ரூபாய் குழுவுக்கு மிச்சம். படிவமும் ரசீதும் அவரவர் பெயரில் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். விலையைச் சேர்ந்து கேட்பதற்குத் தடையில்லை. ஜமாஅத்தும் சபையும் கல்லூரிப் பழைய மாணவர் சங்கமும் இதைச் செய்யலாம்.

அங்கீகாரமற்ற கைமாற்று மலிவாகத் தோன்றுவதற்கு இந்த மறைவான விளிம்பும் ஒரு காரணம். அந்த வழி சட்டவிரோதம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். கள்ள நோட்டு வந்தால் கேட்க நாதியில்லை. முறையான கடையின் விலை வெளிப்படையாக இருந்தால் அந்த ஈர்ப்பு தானே குறையும்.

ரசீதில் ஒரு வரி

இதற்கு முன்மாதிரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய ஒழுங்குமுறைப்படி, 2020 ஏப்ரல் 19 முதல் அட்டைக் கருவியிலும் ஏடிஎம்மிலும் நாணயம் மாற்றித் தருபவர் தன் கட்டணத்தை, ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆதார விலைக்கு மேல் எத்தனை சதவீதம் என்று பணம் கட்டுமுன் காட்ட வேண்டும். உலக வங்கி வெளிநாட்டுப் பணம் அனுப்பும் செலவைக் கணக்கிடும்போது வெளிப்படையான கட்டணத்தையும் மாற்று விலையின் விளிம்பையும் சேர்த்தே எண்ணுகிறது. அச்செலவை 2030க்குள் மூன்று சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. சவூதியிலிருந்து கடையநல்லூருக்கு வரும் பணத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தும் என்றால், கடையநல்லூரிலிருந்து சவூதிக்குப் போகும் யாத்ரீகரின் பணத்துக்கு ஏன் பொருந்தக் கூடாது?

ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை. சிறு வாடிக்கையாளர் வங்கிகளுக்கிடையிலான சந்தை விலையை ஒட்டி டாலர் வாங்குவதற்காக 2019 ஆகஸ்ட் 5 அன்று எஃப்எக்ஸ்-ரீட்டெயில் என்ற தளம் தொடங்கப்பட்டது. அதை பாரத் கனெக்ட் கட்டண வலைப்பின்னலோடு இணைத்து எளிய மக்களுக்கும் எட்டச் செய்யும் திட்டத்தை 2024 டிசம்பரில் வங்கி அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் ஊர்க் கடையில் நோட்டை எண்ணி வாங்கும் அறுபது வயது யாத்ரீகருக்கு அதைவிட எளிய ஒன்று தேவை. அவர் கையில் கிடைக்கும் ரசீதில் ஒரே ஒரு கூடுதல் வரி: 'ஆதார விலைக்கு மேல் நீங்கள் கொடுத்தது இத்தனை ரூபாய், இத்தனை சதவீதம்.' விளிம்புக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதில்லை. குறைவாக எடுக்கும் கடை அந்த வரியைப் பெருமையாகக் காட்டும்; அதிகமாக எடுக்கும் கடை காரணம் சொல்ல வேண்டிவரும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது சில. கடைக்குப் போகுமுன் அன்றைய டாலர் ஆதார விலையைப் பார்த்து, ரியால் என்றால் 3.75ஆலும் திர்ஹாம் என்றால் 3.6725ஆலும் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். "என்ன ரேட்டு?" என்று கேட்பதோடு நிற்காமல், "எல்லாம் சேர்த்து இத்தனை ரியாலுக்கு நான் எத்தனை ரூபாய் தர வேண்டும்?" என்று குறைந்தது இரண்டு இடங்களில் கேளுங்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே நாணயம் வாங்கலாம் என்பதால் விமான நிலையக் கவுண்டர்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுங்கள்; கிரெடிட் அட்டையைத் தவிருங்கள். அட்டையில் சொல்லாத கட்டணம் விழுந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், பிறகு ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர். அதற்கான தொலைபேசி எண் 14448. கடையோடு வழக்கென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரசீதில் அந்த வரியைச் சேர்க்கப் புதிய சட்டமோ புதிய கணக்கு முறையோ வேண்டியதில்லை. அளவுகோல் விதி 32இல் இருக்கிறது. ரியாலின் விலை சுங்கத் துறையின் பட்டியலில் இருக்கிறது. கடைகளுக்கு உரிமம் தரும் அதிகாரம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறது. ஒரு சுற்றறிக்கை போதும். அதை ரிசர்வ் வங்கி வெளியிட வேண்டும்.